எங்கள் தெரு அங்கன்வாடி: ஏழு மாத அனுபவம்

போன ஜூனில் மகளை ஒரு தனியார் ப்ளே ஸ்கூலில் 25,000 ரூபாய் கட்டிச் சேர்த்தோம். அப்போது அவளுக்கு மூன்று வயதுகூட முழுதாக ஆகவில்லை. இரண்டாவது வாரமே கோடு போட்ட நோட்டில் வீட்டுப்பாடம் வந்துவிட்டது. பென்சிலைப் பிடிக்க விரலில் பலம் வராத பிள்ளை, காலையில் பையைப் பார்த்தாலே அழ ஆரம்பித்தாள். ஆகஸ்டில் நிறுத்திவிட்டுத் தெருமுனை அங்கன்வாடியில் விட்டோம். "பால்வாடியிலயா போட்டீங்க? சோறு தின்னுட்டுத் தூங்கிட்டு வரும், அவ்வளவுதான்" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

அந்தப் பேச்சு வரக் காரணம் இருக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார், அதனால் அந்தத் தலைமுறைக்கு பால்வாடி என்றாலே சோறுதான் ஞாபகம். இப்போது அங்கே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று ஒரு பாடத்திட்டமே ஓடுகிறது. மாதத்துக்கு ஒரு தலைப்பு. எழுதச் சொல்வதில்லை. பாட்டு, கதை, களிமண், மணி கோர்ப்பது, கிழிப்பது, ஒட்டுவது, இப்படித்தான் போகும். முதல் மாதம் எனக்கே சந்தேகமாக இருந்தது, நிஜமாகவே ஏதாவது சொல்லித் தருகிறார்களா என்று.

அந்தச் சந்தேகம் ஒரு மழை நாளில் போனது. குடை இல்லாமல் வாசல் திண்ணையில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே டீச்சர் முறத்தில் ஐந்து அவரைக்கொட்டையை அகலமாகப் பரப்பி, பக்கத்தில் ஏழு புளியங்கொட்டையை நெருக்கி வைத்து, "எது நிறைய இருக்கு?" என்று கேட்டார். ஒரு பையன் அவரைக்கொட்டையைக் காட்டினான். தப்பு என்று டீச்சர் சொல்லவே இல்லை. "சரி, ஜோடி சேர்த்துப் பாப்பமா சாமி" என்று ஒரு அவரைக்கு ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொன்னார். அவன் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்து கடைசியில் மிச்சம் இருந்த இரண்டையும் கையில் எடுத்து, "இதுக்கு ஜோடி இல்ல டீச்சர்" என்றான். ஒன்றிலிருந்து நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், எண்ணிக்கை என்றால் என்ன என்பது ஒரு பிள்ளைக்குப் புரிகிற நொடியை அன்றுதான் பார்த்தேன்.

சாப்பாடும் நன்றாக இருக்கிறது. தினமும் மதியம் சூடான சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை. ஆயா முட்டையை லேசாகத் தட்டிக் கொடுத்துவிட்டு "நீயே உரி கண்ணு" என்று விட்டுவிடுவார். முதலில் பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போகும், இப்போது முழுசாக உரித்துவிடுகிறாள். பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் அங்கேதான் பலமாகின்றன என்பது என் எண்ணம். மாதா மாதம் எடை, உயரம் பார்க்கிறார்கள். சேர்ந்தபோது வளர்ச்சி அட்டையில் மஞ்சளில், அதாவது எடை குறைவாக, இருந்தவள் டிசம்பரில் சரியான எடைக்கான பச்சைக்கு வந்துவிட்டாள். இதற்கெல்லாம் ஒரு பைசா கட்டணம் கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருவதில்லை, ஆயா வெளியிலிருந்து பக்கெட்டில் தூக்கி வருகிறார். இதைவிடப் பெரிய கவலை, டீச்சருக்குப் பக்கத்து ஊர் மையமும் கூடுதல் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய்விடுவார். அன்றைக்குச் சமையலும் பிள்ளைகளும் ஆயா ஒருவர் தலையில்தான், பாட்டு கதை எதுவும் நடக்காது. இருக்கிற நாளிலும் பதிவேடு, போனில் பதிவேற்றம் என்று அவருடைய நேரம் போகிறது. இவ்வளவு நன்றாகச் சொல்லித் தரத் தெரிந்தவரைப் பிள்ளைகளோடு உட்கார விடாமல் வைத்திருப்பது எனக்கு மனது ஆறவே மாட்டேன் என்கிறது. அப்புறம், மாலை மூன்றரைக்குள் கூட்டி வந்துவிட வேண்டும், மில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கஷ்டம்.

சேர்க்க நினைப்பவர்கள் காலை பத்து மணி வாக்கில் சொல்லாமல் போய் அரை மணி நேரம் வாசலில் நின்று பாருங்கள். டீச்சர் தரையில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் தயங்காமல் சேர்க்கலாம். மாற்றுத் துணி ஒரு செட்டும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தனுப்புங்கள். குழாய்க்காக நாங்கள் ஒன்பது பெற்றோர் கையெழுத்துப் போட்டு ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த கிராம சபையில் பக்கத்து ஊர் மையத்துக்குத் தனி டீச்சர் போடச் சொல்லியும் கேட்கப் போகிறோம்.