வெருலம் வீட்டு பிரெஞ்ச் ட்ரெய்ன்: புதுசு போடாம ரிப்பேர் பண்ணி ஒரு வருஷம் ஆகப்போகுது

சவுத் ஆப்பிரிக்கால செப்டிக் டேங்க் வெச்ச வீட்ல இருக்கீங்களா, "உங்க பிரெஞ்ச் ட்ரெய்ன் போச்சு, தோண்டிட்டு புதுசு போடணும்"னு யாராவது சொல்லிட்டுப் போனாங்களா, அப்போ இத படிச்சிட்டு அட்வான்ஸ் கொடுங்க. பிரெஞ்ச் ட்ரெய்ன்னா, டேங்க்லேர்ந்து வர்ற கழிவுத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்குறதுக்கு கல்லு போட்டு மூடின நீளப் பள்ளங்க (ட்ரெஞ்ச்). நாங்க 92 ஆயிரம் ராண்டுக்கு தலையாட்டிட்டோம். கடைசில 21 ஆயிரத்துல வேலை முடிஞ்சுது, ஒரு முழு மழைக்காலத்தையும் தாண்டியாச்சு.

வீடு டர்பனுக்கு வடக்க, வெருலம் தாண்டி கரும்புக்காட்டு ஓரம், மாமனார் கட்டினது. எங்க ரோட்ல சீவர் லைன் கிடையாது. போன வருஷம் பிப்ரவரி மழைல ஆரம்பிச்சுது. டாய்லெட்ல தண்ணி இறங்கவே மாட்டேங்குது, ஷவர் ஓட்டைல களுக் களுக்னு சத்தம், பின்னாடி புல்தரைல ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையா வளருது, அதுல கால வெச்சா சளக்னு உள்ள போகுது, சாயங்காலமானா நாத்தம் தாங்கல. ஆடில அத்தை மாரியம்மனுக்கு கூழ் ஊத்துவாங்க, அறுபது பேராச்சும் வருவாங்க, அதுக்குள்ள சரியாகணுமேனு அவங்களுக்கு ஒரே தவிப்பு.

மொதல்ல வந்த கம்பெனி (பேர் வேண்டாம்) டேங்க் மூடியத் திறந்து பார்த்தாங்க, பத்து நிமிஷம், கொட்டேஷன். வேம்பு மாதிரி இருக்குற சிரிங்கா மரத்தையும் வெட்டணும்னாங்க. அந்த மரத்து இலையதான் அத்தை வேப்பிலைக்குப் பதிலா அம்மனுக்கு வெப்பாங்க. அத்தை ஒண்ணும் சொல்லல, எழுந்து உள்ள போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரிதான் வேற ஒருத்தர்கிட்டயும் கேட்டுப் பார்ப்போம்னு முடிவு பண்ணினோம்.

பக்கத்து வீட்டு அண்ணன் மூலமா வந்தவர் ஒரு ஸூலு பெரியவர், கூட ரெண்டு பசங்க, முப்பது வருஷமா இதே வேலை. நாங்க பாபானுதான் (ஸூலுவுல அப்பா) கூப்பிடுறோம், அத்தை அவர்கிட்ட ஸூலுவுலயே பேசுவாங்க. வந்தவர் மண்வெட்டிய எடுக்கவே இல்ல. வீட்ல எத்தன பேரு, வாஷிங் மெஷின் வாரத்துக்கு எத்தன தடவ, எண்ணெய் எங்க ஊத்துறீங்கனு கேட்டுட்டு, ரெண்டு டாய்லெட் சிஸ்டர்ன்லயும் சிவப்பு ஃபுட் கலர் ஊத்திட்டு யாரும் ஃப்ளஷ் பண்ணாதீங்கனாரு. கால் மணி நேரத்துல கெஸ்ட் டாய்லெட் பவுல்ல சிவப்பு இறங்குது! வாஷர் போயிருக்கு. இப்படி சத்தமில்லாம ஒழுகுறதே ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான லிட்டர் ஆகும், அவ்ளோவும் ராத்திரி பகல்னு இல்லாம அந்த மண்ணுக்குள்ளதான் போயிட்டிருந்துது.

அப்புறம் ஹனிசக்கர் லாரி, அதான் செப்டிக் டேங்க உறிஞ்சி காலி பண்ற வண்டி, வந்துச்சு. மட்டம் பாதி இறங்கினதும் பம்ப்ப நிறுத்தச் சொல்லிட்டு எங்கள கூப்பிட்டு டார்ச் அடிச்சுக் காட்டினாரு. வெளிய போற பைப் வழியா தண்ணி திரும்பி டேங்குக்குள்ளயே வருது, மண்ணு குடிக்க மாட்டேன்னு திருப்பி அனுப்புது. போதாததுக்கு வெளிய போற வாய்ல இருக்க வேண்டிய டீ (T வடிவ பைப்) உடைஞ்சு கீழ கிடக்குது, அதனால மேல மிதக்குற கொழுப்பும் அடில இருக்குற சகதியும் நேரா வயலுக்கு, அதாவது ட்ரெஞ்ச் இருக்குற இடத்துக்குப் போயிருக்கு. இது எல்லாத்துலயும் அவர் ஒருத்தரையும் டேங்குக்குள்ள இறங்க விடல, தலையக்கூட உள்ள நீட்டக்கூடாதுன்னு பசங்கள அதட்டினாரு, உள்ள இருக்குற கேஸ் ஒரே மூச்சுல ஆள சாய்ச்சிடும். இந்தியால 2013லயே இதத் தடுக்க சட்டம் வந்தும் இன்னும் டேங்குல இறக்கி ஆளுங்கள சாகடிக்கிறாங்க. அதப் பார்த்து வளர்ந்த எனக்கு இவர் மேல மரியாதை வந்தது இந்த இடத்துலதான்.

அடுத்த நாள் டேங்குக்கு அந்தப் பக்கம் ஒன்றரை அடி தோண்டி ஒரு சின்ன கான்கிரீட் பாக்ஸ வெளிய எடுத்தாரு. டேங்க் தண்ணி அதுல வந்துதான் மூணு ட்ரெஞ்சுக்கும் பிரியுது, அப்படி ஒண்ணு இருக்குறதே எங்களுக்குத் தெரியாது. பாக்ஸ் மேல ரசமட்டத்த வெச்சாரு, குமிழி ஒரு ஓரமா ஓடி நின்னுது. எங்கப்பா கொத்தனார், சின்ன வயசுல அவர் பக்கத்துல உக்காந்து அந்தக் குமிழியப் பார்த்திருக்கேன், அதனால எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. ஒரு பக்கெட் தண்ணிய ஊத்தினாரு, மொத்தமும் மொதல் ஓட்டைல போகுது, மத்த ரெண்டு ஓட்டையும் சிலந்தி வலையோட காய்ஞ்சு கிடக்கு. இத்தன வருஷமா மொத்தக் குடும்பத்துத் தண்ணியையும் ஒரே ட்ரெஞ்ச் குடிச்சிருக்கு! நாங்க புதுசா வாங்க இருந்ததுல மூணுல ரெண்டு பங்கு எங்க மண்ணுக்குள்ளயே தொடாம இருந்திருக்கு.

வயல் ஏன் அடைக்குதுன்னா, கழிவுத் தண்ணி படுற இடத்துல மண் மேல பாக்டீரியா கறுப்பா வழவழன்னு ஒரு படலம் கட்டும். கொஞ்சமா இருந்தா நல்லதுதான், தண்ணிய வடிகட்டித்தான் கீழ விடும். எப்பவும் தண்ணி நின்னுட்டே இருந்தா காத்து போகாது, படலம் தடிச்சு தண்ணி இறங்குற வழியே மூடிடும். ஆனா அந்த ட்ரெஞ்சுக்கு தண்ணிய நிறுத்தி மாசக்கணக்குல காயவிட்டா, காத்து புகுந்து அந்தப் படலம் தானா கரைஞ்சு போகும். மண்ணு திரும்பக் குடிக்க ஆரம்பிக்கும்.

அதனால மொதல் ட்ரெஞ்ச மூடி போட்டு அடைச்சிட்டாரு. பாக்ஸ மட்டம் பண்ணி, மிச்ச ரெண்டுக்கும் சமமா பிரியற மாதிரி திருகி மாத்துற பிளாஸ்டிக் மூடி, டேங்க் வாய்ல ஃபில்டரோட புது டீ, சிரிங்கா வேர் புகுந்திருந்த பைப்புக்கு ஜெட் (வேகமா பீச்சுற தண்ணி) அடிச்சு, அந்த மூணு மீட்டர மட்டும் தோண்டி புது கல்லு, மேல மண்ணு உள்ள போகாம தண்ணிய மட்டும் விடுற பிடிம் துணி. ஒவ்வொரு ட்ரெஞ்ச் கடைசிலயும் உள்ள பார்க்க நெட்டுக்குத்தா ஒரு பைப். மரம் அப்படியே நிக்குது, வேர் திரும்ப வரும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஜெட் அடிக்கணும்னு ஒளிக்காம சொல்லிட்டாரு. கூரைத் தண்ணி குழாய் அந்த வயல் மேலயே கொட்டிட்டிருந்துது, அத மழைத்தண்ணி சேர்க்குற ஜோஜோ பிளாஸ்டிக் டேங்குக்குத் திருப்பிட்டோம், 2022 வெள்ளத்துக்கப்புறம் தண்ணி இல்லாம வாரக்கணக்குல கஷ்டப்பட்ட எங்களுக்கு அது ரெட்டை லாபம். வீட்டுக்காரர் பக்கிய (பிக்கப் வண்டி) அங்க நிறுத்துறதும் அதோட நின்னுச்சு, வண்டி பாரம் மண்ண அமுக்கி கெட்டியாக்கிடும்.

குறை இல்லாம இல்ல. ஒரு வாரம்னு சொல்லி பதினெட்டு நாள் ஆச்சு, பில் எழுத்துல கேட்டு வாங்க வேண்டியிருந்துது, கேரண்ட்டி கிடையாது, புல்தரை இன்னும் திட்டுத்திட்டா இருக்கு. எல்லார் வீட்டுக்கும் இது ஒத்துவரும்னும் சொல்ல மாட்டேன். மூணு ட்ரெஞ்சும் சேர்ந்து அடைச்சிருந்தாலோ, கெட்டிக் களிமண்ணா இருந்தாலோ, நிலத்தடி தண்ணி மேல இருந்தாலோ புதுசுதான் வழின்னு அவரே சொன்னாரு. நான் ஹார்ட்வேர் கடைல வாங்கி வெச்சிருந்த பாக்டீரியா பவுடரக் காட்டினேன், காச வீணாக்காதம்மா, மூணுலேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ள டேங்க காலி பண்ணு போதும்னாரு. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏவும் இதே கணக்கதான் சொல்லுது.

ஆடி கூழுக்கு எழுபது பேர் வந்தாங்க, ஒரு சொட்டு மேல வரல. அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் அடிச்ச மழைக்கும் அந்தப் பட்டைல கால் புதையல. ஜூன்ல பாபா வந்து மொதல் ட்ரெஞ்ச திறந்துவிட்டு மூணாவதுக்கு லீவு கொடுக்கப் போறாரு. போன ஞாயித்துக்கிழமை மொதல் ட்ரெஞ்ச் பைப்புக்குள்ள அடி வரைக்கும் ஒரு மூங்கில் குச்சிய விட்டு எடுத்தேன், நுனில ஈரமே இல்ல.