வாக்குத்தத்த அட்டையா, முழு அதிகாரமா?

சென்னை தண்டையார்பேட்டையில் மூன்று தலைமுறையாக ஆலயத்துக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. டிசம்பர் 31 இரவு ஆராதனை, வருடத்துக்கு ஒரு வேத வசனத்தை அச்சடித்துக் கொடுக்கிற புது வருட வாக்குத்தத்த அட்டை, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் கறி மீன் இல்லாத சமையல், ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசன விருந்து. இதில்தான் வளர்ந்தேன். 2024 லெந்தில் இன்னொன்றும் சேர்ந்தது. வியாழன் இரவு ஒரு வீட்டு மாடியில் ஆறு பேர் கூடி, வேதாகமத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து முதல் வசனத்திலிருந்து வாசிக்கிறோம்.

இரண்டில் எது விசுவாசத்தை வளர்க்கும் என்று கேட்டால், நான் வியாழன் பக்கம்.

பாட்டு, கட்டுக்கோப்பு, சாவு வீட்டில் முதல் ஆளாக வந்து நிற்பது, இதிலெல்லாம் ஆலயத்தை அடிக்க ஆளில்லை. கஷ்டம் வரும்போது எது தாங்குகிறது என்பதில்தான் என் முடிவு.

2023 ஜனவரியில் எங்களுக்கு வந்த அட்டையில் இருந்தது எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 29:11. ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ பீரோவில் ஒட்டிவைத்தோம். டிசம்பரில் மிக்ஜாம் புயல். வீட்டுக்குள் தண்ணீர் வந்து அட்டை ஊறிப்போனது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே அம்மா கேட்டார்: “அப்போ கர்த்தர் சொன்னது என்னடா ஆச்சு?” இத்தனை வருடம் ஆலயத்தில் உட்கார்ந்த எனக்கு அதற்கு முந்தின வசனம்கூடத் தெரியாது.

வியாழன் குழுவில் எரேமியா புத்தகத்தை வாசித்தபோதுதான் புரிந்தது. அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்கிற பொய்த் தீர்க்கதரிசி சொல்கிறான். எரேமியாவோ எழுபது வருடம் என்கிறார். கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது கடிதம். அந்த வாக்குத்தத்தம் வெள்ளமே வராது என்று சொல்லவில்லை. அட்டையில் ஒரு வரிதான் இருந்தது. மீதியை நான் தேடியதே இல்லை.

அம்மாவுக்கு அதிகாரம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். “எழுபதா?” என்று கேட்டு, திரும்பவும் வாசிக்கச் சொன்னார்.

குழுவிலும் சிக்கல் உண்டு. நன்றாகப் பேசுகிற ஒருவர் சொல்வதே வேதமாகிவிடலாம். எங்களுக்கும் ஒருமுறை அப்படி ஆனது, ஆயரிடம் போய்க் கேட்டுத்தான் தெளிந்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா என்று சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. அவர்களுக்கு ஓய்வுநாள் பள்ளிதான் நல்லது என்று தோன்றுகிறது.

டிசம்பர் 31 ஆராதனைக்கு இப்போதும் போகிறோம். போன முறை அட்டையை வாங்கியதும் அம்மா வாசலிலேயே நின்று கேட்டார்: “இதுக்கு முன்னாடி வசனம் என்னடா?”