வாக்காளர் கேள்வியா, மைக் அணைப்பா?

அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் டிவி விவாதத்தில் ஒரு வகை, வாக்காளர்களே எழுந்து கேள்வி கேட்பது. இன்னொன்று, பார்வையாளர் இல்லாத ஸ்டூடியோ. ஒருவர் பேசும்போது மற்றவர் மைக் அணைந்திருக்கும்.

முதல் வகைக்கு உதாரணம், 1992 அக்டோபர் 15 அன்று ரிச்மண்ட் நகரில் நடந்த விவாதம். நாட்டின் கடன் உங்களைத் தனிப்பட்ட முறையில் எப்படிப் பாதித்தது என்று ஒரு பெண் கேட்டார். அந்த நேரம் பார்த்தா அப்போதைய அதிபர் மூத்த புஷ் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்? பதிலிலும் தடுமாறினார். அவரை எதிர்த்து நின்ற கிளின்டனோ அந்தப் பெண்ணை நோக்கி நடந்து போய், உங்களை எப்படிப் பாதித்தது என்று அவரிடமே கேட்டார். கேள்வி கொஞ்சம் குழப்பமானதுதான். கடனையும் பொருளாதார மந்தத்தையும் ஒன்றாக்கிவிட்டது. ஆனால் எந்த நிருபரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். சரி, நடிக்கத் தெரிந்தவருக்கு இது சாதகமில்லையா? சாதகம்தான்.

மைக் அணைப்பு வந்த கதை வேறு. 2020 செப்டம்பரில் கிளீவ்லாந்து விவாதத்தில், பைடன் பேசும்போது டிரம்ப் ஓயாமல் குறுக்கிட்டார். நெறியாளரால் அடக்க முடியவில்லை. அடுத்த மாதம் நாஷ்வில்லில், முதல் 2 நிமிடப் பதிலின்போது எதிராளியின் மைக்கை அணைத்தார்கள். 2024 ஜூன் 27 அன்று அதே இருவரின் அட்லாண்டா விவாதத்தில், பேசும் முறை வராதவரின் மைக் அணைந்தே இருந்தது, பார்வையாளர்களும் இல்லை. பதிலுக்கு 2 நிமிடம், மறுப்புக்கு 1. கைதட்டல் காப்பாற்றாததால் பைடனின் திணறல் அப்படியே வீடுகளுக்குப் போனது. ஆனால் தவறான தகவல்களை நெறியாளர்கள் அங்கேயே திருத்தவில்லை.

என்னைக் கேட்டால், ரிச்மண்ட் கேள்விகளோடு அட்லாண்டாவின் மைக் சுவிட்சும் வேண்டும்.