எல்ஏ-2ஏ: குரலுக்கு ஒரு பொறுமையான கை

கதை வாசிப்பு ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். ரகசியம் சொல்வதுபோல் படித்து வந்தவர், கதையில் அம்மா அலறும் இடம் வந்ததும் தானும் அலறிவிட்டார். மீட்டரில் ஊசி சட்டென்று ஏழு டெசிபல் சரிந்தது, பாதி தூரம் வேகமாகத் திரும்பியது, மிச்சத்தை அவர் மூச்சு வாங்கி அடுத்த வரியைத் தொடங்கும்வரை நிதானமாக ஏறியது. ஹெட்போனில் அலறல் அலறலாகவே கேட்டது, காதில் அறையவில்லை.

அலறலை அமுக்கியது எல்ஏ-2ஏ கம்ப்ரஸர், அதாவது சத்தம் எகிறினால் தானாகக் குறைக்கும் பெட்டி. யுனிவர்சல் ஆடியோ கம்பெனி இப்போது மறுபடி தயாரிக்கிறது. இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன், குரலுக்கு இதைவிடப் பிடித்த பெட்டி எனக்கு இல்லை.

இதை உருவாக்கிய ஜிம் லாரன்ஸ் அமெரிக்காவில் ரேடியோ இன்ஜினியராக இருந்தவர். சத்தம் ஏறினால் குறை, இறங்கினால் கூட்டு என்று ஒலிபரப்பு முழுக்கக் குமிழிலேயே கை வைத்திருக்கும் வேலை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். டைட்டன் ஏவுகணைத் திட்டத்துக்காக ஒளி உணரிகளிலும் வேலை பார்த்திருக்கிறார். இந்த இரண்டு அனுபவமும் சேர்ந்ததுதான் இந்தப் பெட்டி. பாசடீனாவில் டெலிட்ரானிக்ஸ் என்ற கம்பெனி தொடங்கி எல்ஏ-1, எல்ஏ-2, அப்புறம் இது என்று வரிசையாகச் செய்தார். 1965-இல் கம்பெனி கைமாறியது, 1967-இல் யுனிவர்சல் ஆடியோவைத் தொடங்கிய பில் புட்னத்தின் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது.

உள்ளே டி4 என்றொரு சின்ன டப்பா இருக்கிறது. சத்தத்துக்கு ஏற்ப ஒளிரும் தகடு ஒன்று, எதிரில் வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் காட்மியம் சல்ஃபைடு செல். அந்தத் தடை குறையக் குறையச் சத்தம் அமுங்கும். சுமார் 10 மில்லிசெகண்டில் சத்தத்தைப் பிடித்து அமுக்கும், 60 மில்லிசெகண்டில் பாதியை விட்டுவிடும், மீதியை விட 1 முதல் 15 செகண்ட் வரை ஆகலாம், அது எவ்வளவு நேரம் எவ்வளவு பலமாக வெளிச்சம் பட்டது என்பதைப் பொறுத்தது. நீளமாகக் கத்தினால் மெதுவாகத்தான் விடும். அனுபவமுள்ள ஒருவர் குமிழைப் பிடித்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்!

கையாள்வது எளிது. எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதற்கு ஒரு குமிழ், அமுங்கிய சத்தத்தைத் தூக்க இன்னொன்று, கம்ப்ரஸ் (மென்மையாக அமுக்க) அல்லது லிமிட் (கடுமையாக அமுக்க) என்று ஒரு சுவிட்ச். ரேஷியோ (எந்த விகிதத்தில் அமுக்குவது), அட்டாக் (எவ்வளவு வேகமாகப் பிடிப்பது) எதையும் நீங்கள் தொட முடியாது. எனக்கு அது நிம்மதி, ஆனால் எல்லாவற்றையும் தானே அமைக்க விரும்புகிறவர்களுக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

குறைகளும் உண்டு. வால்வு பெட்டி, நன்றாகச் சூடாகும், கருவிகளை அடுக்கும் ரேக்கில் இதற்கு மேலே காற்றுக்கு இடம் விடுங்கள். டிரம்ஸுக்கு வாங்காதீர்கள், அடி விழுந்த பிறகுதான் பிடிக்கும். விலை ரொம்ப அதிகம், மாதத்துக்கு ஒரு பாட்டு பதிவு செய்கிறவருக்கு கம்ப்யூட்டரில் இதைப்போலவே வேலை செய்யும் பிளக்இன் மென்பொருள் போதும்.

வாங்கினால் ஆர்37 என்ற திருகை மறக்காதீர்கள். எஃப்எம் ஒலிபரப்பில் உச்ச ஸ்தாயியைத் தூக்கி அனுப்புவார்கள், அந்த ஒலிகளை இந்தப் பெட்டி கூடுதலாகக் கவனித்து அமுக்க வைத்தது இந்தத் திருகு. நான் அதைக் கொஞ்சம் திருப்பி வைத்திருக்கிறேன், 'ஸ', 'ஷ' குத்தும் குரல்களுக்கு நல்ல வித்தியாசம் தெரிகிறது.