மலை ஏறினால் நெஞ்சு அடைக்கிறதா? டிரெட்மில்லும் சி.டி. ஆஞ்சியோவும்

உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. அழகர்கோவிலில் இருந்து பழமுதிர்சோலைக்கு நடந்து ஏறினால் மட்டும் நடுநெஞ்சில் ஒரு பாரம். சில நிமிடம் நின்றால் தானாக இறங்கிவிடும். இந்தக் கணக்கில் வந்து போகிற வலியைத்தான் டாக்டர்கள் முதலில் இதயத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். சும்மா படுக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் சுத்தமாகவே இருக்கலாம். அதன் பிறகு நம் முன்னால் வைக்கப்படுவது பெரும்பாலும் இரண்டு வழிகள்: டி.எம்.டி. என்கிற டிரெட்மில், அல்லது இதய ரத்தக்குழாய்களை ஸ்கேனில் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ. ஐம்பதைத் தாண்டிய எனக்கு இரண்டும் ஆயிற்று. யாராவது கேட்டால் சி.டி. பக்கம்தான் சாய்வேன்.

அதற்கு முன் ஒன்று. ஓய்வில் இருக்கும்போதே வலி வருகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, முன்பு மலையில் வந்த பாரம் இப்போது வீட்டு மாடிப்படியிலேயே வருகிறது என்றால் எந்தச் சோதனை நல்லது என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

செலவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டிரெட்மில் மலிவு, மதுரையில் ஓரளவு பெரிய மருத்துவமனை எதிலும் உண்டு. சி.டி. பல மடங்கு அதிகம். கதிர்வீச்சு டிரெட்மில்லில் கிடையாது, சி.டி.யில் உண்டு. இயற்கையாகவே நாம் ஓர் ஆண்டில் வாங்கும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 முதல் 3 மில்லிசீவர்ட். இயந்திரத்தையும் நாடித்துடிப்பையும் பொறுத்து, சி.டி.யில் அதுபோல ஒன்றிரண்டு மடங்கிலிருந்து நாலைந்து மடங்கு வரை ஆகலாம்.

டிரெட்மில்லுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். நெஞ்சில் வயர்களை ஒட்டி, மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்திலும் 10 சதவீதச் சரிவிலும் தொடங்குவார்கள். 3 நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் கூடும். 220-இல் வயதைக் கழித்து, மிச்சத்தில் 85 சதவீதத்தையாவது நாடித்துடிப்பு எட்ட வேண்டும். இந்த இரண்டில், மலையில் வருகிற பாரத்தை டாக்டர் கண்ணெதிரே வரவழைத்துக் காட்டுகிற சோதனை இது ஒன்றுதான். உழைப்பில் துடிப்பு தாறுமாறாகிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு எகிறுகிறது என்பதெல்லாம் சி.டி.க்குத் தெரியாது. என் ரத்த அழுத்தம் 210-ஐத் தாண்டுகிறது என்று கண்டுபிடித்ததே டிரெட்மில்தான்.

ஆனால் அடைப்பைப் பற்றி அது சொன்னது ஒரே சொல்: ‘பார்டர்லைன்’. இந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்து தூங்க முடியாது. டிரெட்மில்லில் நாம் பார்ப்பது அடைப்பை அல்ல. ரத்தம் போதாமல் ஈ.சி.ஜி. கோட்டில் விழுகிற சரிவை. கோடு ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் சந்தேகம். அடைப்பு இல்லாதவர்களுக்கும் அது இறங்குவதுண்டு, குறிப்பாகப் பெண்களுக்கு. மூட்டு வலிக்காரர்கள் தேவையான துடிப்பை எட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். ஈ.சி.ஜி.யில் ஏற்கெனவே ‘இடது கிளை அடைப்பு’ (ரத்தக்குழாயில் அல்ல, இதயத்தின் மின்சாரப் பாதையில் வரும் தடை) இருந்தால் கோட்டை வைத்து எதுவுமே சொல்ல முடியாது.

நான் சாய்வதற்குக் காரணம் இவை எதுவும் இல்லை. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்பதை வைத்து வாய்க்காலில் ஏதோ அடைப்பு என்று முடிவுகட்டுவது டிரெட்மில். வாய்க்கால் நெடுக நடந்து, எங்கே கரை சரிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவது சி.டி. ரத்தக்குழாயின் உள்வழி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதோடு, அதன் சுவரில் என்ன படிந்திருக்கிறது என்பதையும் அது காட்டுகிறது. இதில்தான் விஷயமே இருக்கிறது. மாரடைப்பு எப்போதும் மிகக் குறுகலான இடத்தில்தான் வரும் என்பதில்லை. முப்பது, நாற்பது சதவீதமே குறுகிய இடத்தில் உள்ள கொழுப்புப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்தும் வரும். அந்த அளவு குறுகலில் ரத்த ஓட்டம் தடைபடுவதில்லை. அதனால் டிரெட்மில் ‘நெகட்டிவ்’ என்று அனுப்பிவிடும்.

ஸ்காட்லாந்தில் 4,146 பேரை வைத்து நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2018-இல் வந்தது. வழக்கமான சோதனைகளோடு நின்றவர்களில் 3.9 சதவீதம் பேருக்கு மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது. கூடவே சி.டி.யும் எடுத்தவர்களில் அது 2.3 சதவீதம். ‘சி.டி. எடுத்தால் கடைசியில் ஸ்டென்ட்டில்தான் கொண்டுபோய் விடுவார்கள்’ என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவில் ஸ்டென்ட்டும் பைபாஸும் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். கூடியது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள்தான். படிவைக் கண்ணால் பார்த்த பிறகு டாக்டரும் எழுதுகிறார், நோயாளியும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் சுமார் 10,000 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான பிராமிஸ் ஆய்வில், இரண்டு ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் சி.டி.க்கும், டிரெட்மில் உட்பட இதயத்தை உழைக்கவைத்துப் பார்க்கும் சோதனைகளுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரண்டுமே வெளிநாட்டு உடம்புகள். சர்க்கரை நோய் மலிந்த நம் பக்கத்துக்கு அந்தச் சதவீதங்களை அப்படியே தூக்கி வைக்க மாட்டேன்.

என் சி.டி.யில் முன்பக்கத் தமனியில் ஒரு மென்மையான படிவு, குறுகல் 30 சதவீதத்துக்குள். ஸ்டாட்டினும் ரத்த அழுத்த மாத்திரையும் தொடங்கினார்கள். ஏற்றத்தில் வந்த பாரம் இப்போது அநேகமாக இல்லை. அது மாத்திரையாலா, எடை குறைந்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் கோளாறு இருந்தாலும் இப்படிப் பாரம் வரும். அது சி.டி.யில் தெரியாது.

சி.டி.யின் வெற்றி தோல்வி நாடித்துடிப்பில் இருக்கிறது. 60-ஐ ஒட்டி இருந்தால் படம் தெளிவாக விழும்; 80 என்றால் குழாய்கள் கலங்கித் தெரியும். முன்பு எடுத்துக்கொண்ட தெருக்காரர் ஒருவருக்குத் துடிப்பை இறக்காமலே படம் எடுத்து, எதுவும் தெளிவில்லை என்று எழுதி அனுப்பினார்கள். பணமும் போயிற்று, கதிர்வீச்சும் வாங்கியாயிற்று. என்னிடம் செவிலியர் கேட்ட முதல் கேள்வியே, “ஐயா, காலையில் காபி குடித்தீர்களா?” என்பதுதான். துடிப்பை இறக்கும் மெட்டோபுரோலால் மாத்திரை கொடுத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவ்வப்போது வந்து விரல்நுனியில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம்” என்று போய்விடுவார். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த மாத்திரைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். படம் எடுக்குமுன், குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரினை நாக்கின் அடியில் வைப்பார்கள். தலை விண்ணென்று தெறிக்கும். சில்டெனாபில் (வயாகரா) சாப்பிடும் பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். குழாய்களைப் படத்தில் எடுத்துக்காட்டும் அயோடின் மருந்து ஊசியில் ஏறியதும் தொண்டையில் தொடங்கிய சூடு அடிவயிறுவரை இறங்கியது. வேட்டி நனைந்துவிட்டதோ என்று பயந்தேன். யாருக்கும் அப்படித்தான் தோன்றுமாம்.

சி.டி.யை விட்டுவிட வேண்டியவர்களும் இருக்கிறார்கள். கிரியாட்டினின் கூடியவர்கள் (அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்கள்), அயோடின் மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாதவர்கள், துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள், சிறிய ஸ்டென்ட் ஏற்கெனவே உள்ளவர்கள். முதியவர்களுக்கும் நெடுநாள் சர்க்கரைக்காரர்களுக்கும் குழாயில் சுண்ணாம்பு ஏறியிருந்தால் படத்தில் அது ஊதிப்போய்த் தெரியும். அடைப்பு உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். 50 முதல் 70 சதவீதம் என்று வந்தாலும் அதோடு முடியாது. அந்தக் குறுகல் உண்மையில் ரத்தத்தைத் தடுக்கிறதா என்று டிரெட்மில்லோ, இதயத்தை உழைக்கவைத்துப் பார்க்கும் வேறு சோதனையோ செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ., தாலியம் ஸ்கேன் போன்றவற்றை நான் செய்துகொண்டதில்லை. அவற்றை இந்தத் தராசில் ஏற்றவில்லை.

இதயம்வரை மெல்லிய குழாய் விடும் ஆஞ்சியோகிராம், அடைப்பு இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியானவர்களுக்கு. அங்கேயே ஸ்டென்ட் வைக்கலாம், குறுகலுக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கலாம். சும்மா சந்தேகத்துக்கு அதில் இறங்க நான் ஒப்ப மாட்டேன்.

ஆயுதப்படை மைதானத்தில் போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிற பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் ஓடும்போது மயங்கி விழுந்தால் கொழுப்பு அடைப்பைவிட, பிறவியிலேயே இதயத் தசை தடித்திருப்பது, தமனி தவறான இடத்தில் கிளம்பி இரு பெரிய குழாய்களுக்கு நடுவே நெரிபட்டுப் போவது போன்றவைதான் முதல் சந்தேகம். தசையை எக்கோ காட்டிவிடும். தமனி போகிற பாதையைச் சி.டி. துல்லியமாகக் காட்டும், டிரெட்மில்லோ பல நேரம் ‘நார்மல்’ என்றே சொல்லும். ‘வெயிலில் மயக்கம்’ என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்புவதைப் பெற்றோர் ஏற்கக் கூடாது.

சி.டி. என்று முடிவுசெய்தால், பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: இயந்திரம் 64 ஸ்லைஸுக்குக் (ஒரு சுற்றில் எடுக்கும் படத் துண்டுகள்) குறையாததா, துடிப்பை இறக்கிய பிறகுதான் எடுப்பார்களா, குழாயில் ஏறிய சுண்ணாம்பை மட்டும் அளக்கும் கால்சியம் ஸ்கோரோடு அனுப்பிவிடுவார்களா. கால்சியம் பூஜ்யம் என்றாலும் மென்மையான படிவு இருக்கக்கூடும், என்னுடையதே அப்படித்தான். ரிப்போர்ட் தாளோடு படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள், வேறு டாக்டரிடம் போனால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.