கிளிநொச்சி மில்லொன்றின் வறுத்த கறித்தூள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே, ஒரு குடும்பம் நடத்தும் சிறிய மில்லில், அங்கேயே வறுத்துத் திரித்த கறித்தூளை நிறுத்து விற்கிறார்கள். கடைப் பைக்கற்றுகளைவிட விலை சற்றுக் கூடுதல்தான். ஆயினும் மணத்தைப் பொறுத்தவரை அந்த விலை தகும் என்பதே என் கருத்து.

இந்த மணத்துக்கான காரணம் வறுக்கும் முறையில் இருக்கிறது. வறுக்கும் அம்மா மல்லியை இளஞ்சூட்டில் தனியாக வறுத்து, ஒரு விதையை விரல்களுக்கிடையே நசுக்கி, அது மொறுமொறுவென உடைந்த பின்னரே தாச்சியை இறக்குகிறார். செத்தல் மிளகாய், மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பதம் உண்டு. வெந்தயத்தை மல்லியோடு சேர்த்துப் போட்டால், மல்லி பதமாகுமுன் வெந்தயம் கருகித் தூள் முழுவதும் கைத்துவிடும் என்பதால், அதைக் கடைசியில் போட்டு, சிவந்தவுடன் எடுத்துவிடுகிறார். எல்லாவற்றையும் சுளகில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பின்னரே மில்லுக்குக் கொடுக்கிறார். "சூட்டோட திரிச்சா வாசமெல்லாம் மில்லோட போயிடும், தம்பி" என்று அவர் சொன்னது முற்றிலும் சரி. மல்லியின் மணத்துக்கு முதன்மைக் காரணமான லினலூலும் பெருஞ்சீரகத்தின் அனெத்தோலும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்ச் சேர்மங்கள். சூடு மிகுந்தால் அவை காற்றோடு கலந்துவிடும்.

மணம் தூக்கலான தூள் உறைப்பாகவும் இருக்குமா என்று வாங்க வருபவர்கள் பலர் கேட்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசினுக்கு மணமே கிடையாது. அது நாவில் சுவையாக அல்ல, சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளின் வழியாகவே தெரிகிறது. அந்த நரம்புகளில் கப்சைசினை உணரும் பகுதியான உணர்வேற்பியை 1997 இல் கண்டறிந்த ஆய்வை வழிநடத்திய டேவிட் ஜூலியஸ், 2021 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே பையை முகர்ந்து உறைப்பை மதிப்பிட முடியாது. சிறிதளவு போட்டுச் சமைத்துப் பார்ப்பதே வழி.

இரணைமடுக் குளத்து விராலைப் பழப்புளி விட்டுச் சமைத்தபோது, இத்தூள் மீனின் வெடுக்கை அடக்கியதோடு, விழுங்கிய பின்னும் மூக்கில் நின்றது. வாயிலுள்ள உணவின் மணம் தொண்டையின் பின்வழியே மூக்கை எட்டுவதால்தான் கறி ருசிக்கிறது. தடிமன் பிடித்தவருக்கு எந்தக் கறியும் சப்பென்று இருப்பதும் அதனால்தான். சொதிக்கும் பால்கறிக்கும் இத்தூள் பொருந்தாது.

பொதி செய்வதில்தான் எனக்குக் குறை. மெல்லிய பொலித்தீன் பையில் கட்டி, சவர்க்காரக் கட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்குகிறார்கள். நான் வாங்கிய ஒரு பையில் அந்த வாடை தெளிவாகவே ஏறியிருந்தது. இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய மணம் இப்படிக் கெடுவது வருத்தத்துக்குரியது. எனவே தட்டில் கட்டி வைத்திருப்பதை விடுத்து, அன்று திரித்த தூளை உங்கள் கண்ணாடிப் போத்தலிலேயே கேட்டு வாங்குங்கள், அவர்கள் மறுப்பதில்லை. அடுப்பங்கரைச் சூடு படாத இடத்தில் இறுக மூடி வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் வாங்க வேண்டாம்.