குயில்ட்டுக்கு ஃபிரில்: பைண்டிங்கோடு சேர்த்தா, பைண்டிங் முடிந்த பிறகா?

குயில்ட்டுக்கு, அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த போர்வைக்கு, ஃபிரில் என்கிற சுருக்குத் துணி ஓரம் அழகா, பழைய ஃபேஷனா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். வைப்பதென்று முடிவான பிறகு அதை எந்தத் தையலில் பிடிப்பது என்பதுதான் தலைவலி. அதற்கு மூன்று வழி இருக்கிறது. மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நடுவில் ஃபிரிலைச் சொருகித் தைத்து, பைண்டிங்கே (வெட்டு ஓரத்தை மூடும் துணிப்பட்டி) இல்லாமல் முடிப்பது ஒன்று. ஃபிரிலையும் பைண்டிங்கையும் ஒரே தையலில் சேர்த்துப் பிடிப்பது இன்னொன்று. பைண்டிங்கை முழுசாக முடித்துவிட்டு, ஃபிரிலைத் தனியாகச் செய்து அதன் பின்னால் கோப்பது மூன்றாவது. அண்ணன் மகளுக்குத் தைத்த 45க்கு 60 அங்குல குயில்ட்டில் நான் மூன்றாவது வழியில் போனேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழியை அதிகம் பேச வேண்டியதில்லை. தலையணை உறைக்கு ஃபிரில் வைத்தவர்கள் எல்லோருக்கும் கை பழகிய வேலைதான். நல்ல பக்கங்களை உள்ளே வைத்து, நடுவில் ஃபிரிலைப் படுக்கவைத்து, ஒரு சாண் இடம் விட்டுச் சுற்றித் தைத்து, திருப்பிவிட்டால் ஓரம் முடிந்தது. ஆனால் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் குயில்ட்டிங் தையலை அதற்கு அப்புறம்தான் போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு வரி முடிவிலும் மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டுக்கு அடியில் ஃபிரில் வந்து மாட்டும். சின்ன குயில்ட்டுக்கு, அதுவும் நாலு வரி தையலோ முடிச்சோ போட்டு விடுகிறவர்களுக்கு, இது போதும்.

நிஜப் போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

இரண்டாவது வழிதான் பலரும் செய்வது. குயில்ட்டிங் எல்லாம் முடித்து, ஓரத்தை நேராக வெட்டி, குயில்ட்டின் பின்பக்கத்தில் ஓரத்தோடு ஓரம் வைத்து ஃபிரிலை உள்நோக்கிப் படுக்கவைக்கிறோம். அதன்மேல் இரட்டையாக மடித்த பைண்டிங் பட்டி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தையல். பிறகு ஃபிரிலை வெளியே திருப்பி, பைண்டிங்கை முன்பக்கம் மடித்துக் கொண்டுவந்து எம்மிங். முன்னாலிருந்து பார்த்தால் பைண்டிங் சட்டம் போல நிற்கும், அதன் அடியிலிருந்து ஃபிரில் கிளம்பும். பார்க்க இதுதான் மிக நேர்த்தியானது, மறுக்க முடியாது.

ஆனால் அந்த ஒரு தையல் எத்தனை துணியைத் துளைத்துப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். மேல் துணி ஒன்று, அடித் துணி ஒன்று. ஃபிரில் மடித்து இரண்டு, அதைப் பாதியாகச் சுருக்கியதால் நாலு. பைண்டிங் இரண்டு. துணி மட்டும் எட்டு அடுக்கு, நடுவில் பஞ்சு வேறு. ஃபிரில் பட்டிகள் சேரும் இடத்திலும் மூலையிலும் இன்னும் கூடும். பழைய கறுப்புக் கால்மிதி மிஷினில் 16 அல்லது 18 நம்பர் ஊசி போட்டால் இழுத்துக்கொண்டு போய்விடும். மேஜைமேல் வைக்கும் லேசான மிஷின்கள் அந்த இடத்தில் முனகும், தையல் விட்டுவிட்டு விழும். தையல் ஓரத்துக்குள் இருக்கும் பஞ்சை முதலிலேயே கத்தரித்து எடுத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

தைக்கிற சிரமம் ஒரு நாளோடு போகும், அதை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்க வைத்தது பழுது. இந்த வகை குயில்ட் ஒன்று என் அக்கா வீட்டில் இருக்கிறது, அவளே தைத்தது, நல்ல தையல். அவள் பையன் புரண்டு படுக்கும்போது கால் கட்டைவிரல் ஃபிரிலில் மாட்டி, ஒரு கை நீளத்துக்கு ஃபிரில் உருவிக்கொண்டு வந்துவிட்டது. “கொஞ்சம் பிடிச்சுக் கொடுடி” என்று என்னிடம் வந்தது. பிய்ந்தது கை நீளம்தான். பிரிக்க வேண்டியிருந்ததோ அதைப் போல இரண்டு மடங்கு. முதலில் முன்பக்க எம்மிங்கைப் பிரிக்க வேண்டும். பிறகு பைண்டிங் தையல். அதைப் பிரித்ததும் குயில்ட்டின் வெட்டு ஓரம் வெளியே வந்துவிடுகிறது. கால் அங்குலம்தான் தையலுக்கு விட்டிருந்த இடம், அதிலும் அடித் துணி இழை இழையாகப் பிரிய ஆரம்பித்திருந்தது. மறுபடி அதே கோட்டில் தைத்தால் பிடிமானம் இல்லை, உள்ளே தள்ளித் தைத்தால் அந்த இடம் மட்டும் குறுகித் தெரியும். ஒட்டுத்துணி கொடுத்துச் சமாளித்தேன். ஃபிரில் பிய்ந்ததற்குக் குயில்ட்டையே பிரித்துவிட்டோமே என்ற எரிச்சல் அப்போது வந்ததுதான்.

இழுபடுவது எப்போதும் ஃபிரில்தான். குழந்தை பிடித்து இழுப்பதும் அதை, கொடியில் கிளிப் மாட்டுவதும் அதில், துவைக்கும் மிஷின் முறுக்கும்போது சிக்குவதும் அது. ஈரத்தில் கனத்துத் தொங்கும்போது பாரம் முழுவதும் அந்தத் தையலில் இறங்குகிறது. பைண்டிங்கோ குயில்ட்டின் வெட்டு ஓரத்தைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. அடிக்கடி இழுபடுகிற ஒன்றையும் ஒருபோதும் பிரியக்கூடாத ஒன்றையும் ஒரே நூலில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது வழியில் பைண்டிங் வழக்கம்போலத்தான். இரண்டரை அங்குலப் பட்டி, இரட்டை மடிப்பு, மூலை மடிப்பு, எம்மிங். இங்கேயே நிறுத்தினாலும் குயில்ட் முழுமையானது. ஃபிரில் வேலை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. பட்டியை நீளவாக்கில் மடித்து, வெட்டு ஓரத்தில் பெரிய தையலாக இரண்டு வரி போட்டு, பாபின் நூலை இழுத்துச் சுருக்குகிறோம். முழு நீளத்துக்கும் ஒரே நூல் போடாதீர்கள், நடுவில் அறுந்தால் முதலிலிருந்து வர வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக நாலு துண்டாகச் சுருக்குவது நல்லது. சுருக்கிய ஓரத்தை ஒன்றரை அங்குலப் பட்டியால் மூடி, கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான அகலத்தில் முடித்தால், பாவாடைக்கு நாடாப்பட்டி வைத்தது போல ஃபிரிலுக்குத் தனி இடுப்பு கிடைத்துவிடும். அந்த இடுப்பை பைண்டிங்கின் பின்புறத்தில் பொருத்தி, கையால் இரண்டு வரி தைக்க வேண்டும். மேல் விளிம்பில் ஒன்று, குயில்ட்டின் ஓரத்தை ஒட்டி ஒன்று. ஒரு வரி மட்டும் போட்டால் ஃபிரில் பின்னால் மடிந்துகொள்ளும். ஊசி பைண்டிங்கின் பின் துணியை மட்டும் எடுத்தால் போதும், முன்னால் எதுவும் தெரியாது.

நூல் ஒற்றையாகவே இருக்கட்டும். கால்விரல் மாட்டி இழுத்தால் துணி கிழிவதற்கு முன் நூல் அறுந்து கொடுக்கும். ஊசியை எடுத்து அந்த இடத்தை மட்டும் தைத்துவிடலாம், குயில்ட்டை யாரும் தொட வேண்டாம். சிவப்பு, கருநீலம் மாதிரி சாயம் விடுகிற துணியில் ஃபிரில் ஆசைப்பட்டால், கோப்பதற்கு முன்பே அதைத் தனியாக நாலைந்து முறை அலசிவிடலாம்.

தலைமாட்டுப் பக்கத்தை விட்டுவிடும் வசதியும் இதில் சுலபம். ஃபிரில் முகத்தில் உரசுவது பல குழந்தைகளுக்குப் பிடிப்பதில்லை. மூன்று பக்கம் மட்டும் வைத்து, இடுப்புப் பட்டியின் நுனியை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் போதும், நாலாவது பக்கம் சாதாரண பைண்டிங்காகவே நிற்கும்.

குறை? கைத்தையல். 45க்கு 60 குயில்ட்டின் சுற்றளவு 210 அங்குலம், இரண்டு வரி என்றால் 35 அடி. சாயங்காலங்களில் உட்கார்ந்து தைக்கிற பொறுமை இருந்தால்தான் ஆகும். பின்பக்கமும் அத்தனை சுத்தமாக இருக்காது, பைண்டிங்குக்குள் இன்னொரு பட்டி தெரியும். பைண்டிங் துணியிலேயே இடுப்புப் பட்டியையும் வெட்டிக்கொண்டால் ஓரளவு மறையும். கிங் சைஸ் கட்டிலுக்கு இதை நான் செய்து பார்த்ததில்லை. அந்த நீளத்து ஃபிரிலின் ஈரக் கனத்தை ஒற்றை நூல் தாங்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

துணிக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபிரில் பட்டி சுற்றளவைப் போல இரண்டு மடங்கு என்றால் 420 அங்குலம். 44 அங்குலப் பன்னா (அகலம்) துணியில் கரை போக 42 கிடைக்கும், ஆகவே 10 பட்டி, மூலைக்காக ஒன்று கூட்டி 11. மூன்று அங்குல ஃபிரிலுக்கு ஆறரை அங்குலப் பட்டி வெட்டினால் 2 மீட்டருக்குள் அடங்கும். பைண்டிங்குக்கு 40 சென்டிமீட்டர். மூன்றாவது வழிக்கு இடுப்புப் பட்டிக்காக இன்னொரு கால் மீட்டர், அவ்வளவுதான். சுருக்குக்குப் பதில் மடிப்பு வைக்க ஆசைப்பட்டால் மூன்று மடங்கு துணி வேண்டும், முடிவை நீங்களே எடுங்கள்.

மூலையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. எந்த வழியானாலும் மூலைக்கு இருபுறமும் இரண்டு அங்குலத்துக்குச் சுருக்கை நெருக்கித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஃபிரில் விரியாமல் கிண்ணம் போலக் குழிந்து நிற்கும். ஒரு சாசரைக் கவிழ்த்து மூலையை வளைவாக வெட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அப்படிச் செய்தால் பைண்டிங்கைக் கிராஸாக, அதாவது துணியின் சாய்வாட்டத்தில், வெட்டித்தான் ஆக வேண்டும். நேர்வாட்டப் பட்டி வளைவில் படியாது.

சுவரில் மாட்டுவதற்கோ, வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து விருந்தாளிக்குக் கொடுப்பதற்கோ என்றால் இரண்டாவது வழியிலேயே போங்கள், அந்த நேர்த்தி மற்றதில் வராது. தினமும் போர்த்தி, வாரமொருமுறை துவைப்பதற்கு என்றால் மூன்றாவதுதான். கோர்க்கும்போது பைண்டிங்கின் நிறத்தில் நூல் தேடாமல், பின்னால் பளிச்சென்று தெரிகிற வேறு நிறமாக எடுங்கள். பின்னொரு நாள் ஃபிரிலைக் கழற்ற நேர்ந்தால் எந்த நூலை வெட்ட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று மங்கலான விளக்கிலும் தெரியும்.